உட்கார்ந்து செய்கிற வேலை

அருங்காட்சியகத்தில் அவரைக் கம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். கற்கருவிகள் இருக்கிற கூடத்துக்குக் காவலர். காலையில் நட்டால் சாயங்காலம் பிடுங்குகிற வரைக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். காவலர் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். கல்யாணமான புதிதில் சேர்ந்தவர், மகளுக்குக் கல்யாணமான பிறகும் நின்றுகொண்டிருந்தார். இரண்டு முழங்கால்களும் எப்போதோ அவரைக் கைவிட்டுவிட்டன.

"வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன். உங்க முட்டிதானே, ஊரான் முட்டியா?" என்பார் மனைவி.

"சொன்னா, முடியலன்னா வீட்டுல இருன்னுடுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

கூடத்தின் மூலையில் ஒரு படம் நாள் முழுக்க ஓடும். தாடிக்காரன் ஒருவன் ஒரு கல்லால் இன்னொரு கல்லைத் தட்டித் தட்டிக் கைக்கோடரி செய்கிற படம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை நேரில் செய்துகாட்ட ஆள் வேண்டும், நம்மில் யாராவது கற்றுக்கொள்கிறீர்களா என்று மேலாளர் அம்மா கேட்டபோது கம்பம் கையைத் தூக்கிவிட்டார். கலையார்வமாவது மண்ணாங்கட்டியாவது. படத்தில் அந்தத் தாடிக்காரன் உட்கார்ந்திருப்பான். அவ்வளவுதான் விஷயம். பள்ளி விடுமுறை முடிவதற்குள் கற்றுக்கொள்ளாவிட்டால் வெளியிலிருந்து ஆள் பிடித்துக்கொள்வார்கள், இவர் பழையபடி நிற்கலாம்.

வேலை முடிந்து வந்ததும் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாயை விரித்து, தொடைமேல் தோல் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார். படம் அவருக்கு மனப்பாடம். கைக்குத்தான் அது தெரியவில்லை. விளிம்பில் தட்டினால் சில்லு நீளமாக உரிந்து வர வேண்டும். இவருக்கோ விளிம்பு பொடிப்பொடியாக நொறுங்கியது. ஆத்திரத்தில் ஓங்கிப் போட்டால் கல் இரண்டாகப் போயிற்று, இல்லாவிட்டால் விரல் நசுங்கிற்று. தெறித்த சில்லு ஒன்று சமையலறை வரை போய்க் கிடந்து மனைவியின் பாதத்தைக் கிழித்தது.

"கல்லுகிட்ட காட்டுற வீராப்ப ஆபீஸ்ல காட்டக் கூடாதா?" என்றார் மனைவி, காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே.

ஒருநாள் அடிக்கக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கல்லின் விளிம்பைத் தட்டுகிற கல்லால் சும்மா தேய்த்துக்கொண்டிருந்தார். மனசு எங்கேயும் இல்லை. தேய்த்த தேய்ப்பில் கூர் மழுங்கியே போய்விட்டது. போனால் போகிறது என்று அதே இடத்தில் ஒரு தட்டு தட்டினார். விரல் நீளத்துக்குச் சில்லு சுத்தமாக உரிந்து உள்ளங்கையில் விழுந்தது. நம்பாமல் இன்னொரு பக்கம் தேய்த்துத் தட்டினார். அங்கேயும் வந்தது. மெல்லிய விளிம்பு அடி தாங்காது. கூர் வேண்டுமென்றால் முதலில் மழுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அலுக்குமே என்று தேய்க்கிற இடத்தைப் படத்தில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அன்று முதல் கல் அவர் சொன்னபடி கேட்டது. சந்தோஷப்படக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது.

பிள்ளைகள் வந்த முதல் நாள், அலுவலக அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். மேலாளர் அம்மா நாற்காலியையும் கூட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்க உக்காந்துட்டா பின்னால நிக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியாதே. நின்னுக்கிட்டே செஞ்சிடுங்க. உயரமா ஒரு மேசை போடச் சொல்றேன்."

அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. கல்லைத் தொடையில் தாங்கினால்தான் இது நடக்கும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டிருப்பார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"என்னால நிக்க முடியல மேடம்" என்றார். "ரொம்ப வருஷமாவே முடியல."

அத்தனை பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்துவிட்டது.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

கேட்டுவிட்டு அந்த அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் தரையில உக்காருங்க" என்றார்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கம்பமும் உட்கார்ந்தார். கல்லை எடுக்க இன்னும் சற்று நேரம் ஆயிற்று.