வேன் படியில் ஒரு கால்

என் அண்ணி இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். காலையிலிருந்து இருட்டும்வரை நின்றபடியே வேலை. நாற்பது தாண்டிய பிறகு சைக்கிள் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒன்று வாங்கிக் கடைக்குள்ளேயே நிறுத்தினாள். தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. அந்த இடத்தில் இன்னொரு மேசை போட்டால் ஆள் வைத்துத் தேய்க்கலாம் என்பது அண்ணன் கட்சி.

எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஐந்து நாள் சைக்கிள் பயணத்துக்கு ஆள் சேர்த்தார். மூட்டை முடிச்சு ஏற்றிவர அண்ணனின் வேனைப் பேசினார். அண்ணி முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு.

"முடியலன்னு ஒரு தடவை என் வேன்ல ஏறினாலும் சைக்கிள வித்துடணும்" என்றான் அண்ணன், எல்லார் முன்னாலும்.

"ஏறலன்னா?"

"மேசைப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

இரண்டு நாள் ஓட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள் காலை வேனின் முன்சீட்டைத் துடைத்துத் தலையணை போட்டு வைத்திருந்தான். "மகாராணி எப்ப வேணா வரலாம்."

"நின்னு பொழைக்கிறவ நான். உக்காந்து உக்காந்துதான் இப்ப வலியே. உங்க சீட்டுல வேற வந்து உக்காரணுமா?" என்று அண்ணி கிளம்பினாள்.

அவளுக்கு ஒரு குறை உண்டு. பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்ததால் நான் கண்டுபிடித்தேன். வேறு யாருக்கும் தெரியாது. நன்றாக ஓட்டுவாள், நன்றாகத் திருப்புவாள். ஏறவும் இறங்கவும் மட்டும் கால் வைக்க உயரமாக ஏதாவது வேண்டும். கடைப்படி, பாலத்துச் சுவர், மைல்கல், எதுவானாலும் சரி. வெறும் தரையில் கால் ஊன்றினால் அவளும் சைக்கிளும் சேர்ந்து படுத்துவிடுவார்கள். அதனால் தூரத்திலேயே கண்ணால் இடம் பிடித்து வைத்துக்கொள்வாள்.

அன்றைய முதல் ஊரின் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லாரும் கால் ஊன்றி நின்றார்கள். அண்ணி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு கல் கூட இல்லை. நிற்காமல் வட்டமடிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, நிக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"நின்னா தொடை பிடிச்சுக்கும் டாக்டர். சுத்திக்கிட்டே இருந்தா லேசா இருக்கும்."

"அட, நல்ல யோசனையா இருக்கே! எல்லாரும் சுத்துங்கப்பா!"

கூட்டம் மொத்தமும் சுற்றியது. ஒருவர் இன்னொருவர் சக்கரத்தில் இடித்துத் திட்டு வாங்கினார். ரயில் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. கடைசியில் கேட் ஆள்தான் கத்தினார்: "தொறந்து எவ்வளவு நேரமாச்சு! போறீங்களா, இல்ல இங்கயே குடியிருக்கப் போறீங்களா?"

எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம் இரண்டாவது ஊரின் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டாள். குறுகலான தெரு. படிகளை எல்லாம் காய்கறிக் கூடைகள் அடைத்திருந்தன. திடீரென்று மாவு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அண்ணி பிரேக் பிடித்தாள். சைக்கிள் சாய்ந்தது. இடதுபுறம் அண்ணனின் வேன், கதவைத் திறந்து போட்டு நின்றிருந்தது. அதன் படியில் காலை வைத்துச் சமாளித்துவிட்டாள்.

தண்ணீர் பாட்டில் இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் துள்ளிக் குதித்தான். "வெச்சுட்டா! வேன்ல கால வெச்சுட்டா! எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"படியத் தொட்டதெல்லாம் ஏறினதா?" என்றாள் அண்ணி.

எங்களோடு வந்த ரிட்டையர்டு கண்டக்டர் தலையை ஆட்டினார். "எங்க பஸ்ல படியில கால வெச்சாலே டிக்கெட்தாம்மா."

"பாவம், அந்தப் பொம்பளைய விடுங்கய்யா" என்று வெங்காயக்காரி கூடையை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அண்ணியின் முகம் சிவந்தது. நாலு பேர் நடுவே வாய் திறக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு எப்படியோ பேச்சு வந்துவிட்டது.

"அண்ணே, இன்னொரு கால் பெடல்லதான் இருக்கு. உக்காந்திருக்கிறதும் சைக்கிள்லதான்."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான்.

"அப்ப எதுக்கு என் வேன்ல கால வெச்சா? தரை இல்லையா?" என்று அண்ணன் விடவில்லை.

அண்ணி சத்தமாகவே சொன்னாள். "தரையில எறங்கத் தெரியாது எனக்கு. போதுமா?"

"அப்ப ரயில்வே கேட்டுல சுத்தினது..." என்று இழுத்தார் டாக்டர்.

"நிக்கத் தெரியாமத்தான் சுத்தினேன் டாக்டர்."

"நான் அத என் பேஷண்டுக்கெல்லாம் சொல்றதா இருந்தேனேம்மா!"

தெருவே சிரித்தது. அண்ணியும் சிரித்துவிட்டாள். கண்டக்டர் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார். "உக்காந்த எடத்த விட்டு எழுந்திருக்கல. விழாம இருக்கப் படியப் பிடிச்சதுக்கு டிக்கெட் கிடையாது."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "இத்தனை நாளா ஓட்டுற. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா சும்மா இருப்பீங்களா? மறுநாளே மேசை வந்து எறங்கியிருக்கும்."

அண்ணன் குனிந்து, அவள் சக்கரத்துக்கு முன்னால் கிடந்த பாட்டில் பெட்டியை நகர்த்தினான். "சரி, கிளம்பு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

அண்ணி படியை ஓர் உதை உதைத்தாள். சைக்கிள் இரண்டு முறை ஆடிவிட்டு நேரானது. நான் பின்னாலேயே மிதித்தேன்.

"ஏய், அடுத்த ஊர்ல வேன எங்க நிறுத்தட்டும்?" என்று அண்ணனின் குரல் கேட்டது.

அண்ணி திரும்பாமலே கத்தினாள்: "படி ரோட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்துங்க!"