வேலு மச்சான் பார்த்துச் சொன்ன படகு

என் மகள் இனியா போகும் பார்னஹாகேயில், அதாவது இங்குள்ள பாலர் பள்ளியில், திங்கட்கிழமை காலை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்று விடாமல் எல்லாப் பிள்ளைகளும் கடலுக்குப் போனோம் என்று சொல்லும். ஒருவன் மீன் பிடித்திருப்பான், ஒருத்தி படகிலேயே தூங்கிப்போயிருப்பாள். இனியா மட்டும் வீட்டில் இருந்தோம் என்பாளாம். ஒருநாள் அவளை அழைத்துவரப் போனபோது ஆசிரியை என்னைத் தனியாக நிறுத்தி, உங்களிடம் படகு இல்லையா என்று கேட்டார். சிதம்பரத்தில் ஒருவரைப் பார்த்து உங்களிடம் பைக் இல்லையா என்று கேட்போமே, அந்தத் தொனிதான். அவருக்குப் பின்னால் மழைக்கோட்டுகளோடு கலந்து பிள்ளைகளின் மிதவைச் சட்டைகள் ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. இனியாவின் ஆணியில் மழைக்கோட்டு மட்டும் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நார்வேயின் வடக்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர் இது. என் மனைவி புவனாவுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நான் வந்தேன். மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புவனா இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. நோய் தெரிந்து நான்கு மாதம்தான் இருந்தாள். அதன் பிறகு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இனியாவுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன், துணி துவைக்கிறேன். நான் அழவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போல் இருக்குமே, எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும், இங்கே யாரும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து நம்மை அழவைக்க மாட்டார்கள். வாசலில் ஒரு கேக்கை வைத்துவிட்டுப் போவார்கள்.

புவனா கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரி, மீன்பிடிக் குடும்பம். நான் கீரப்பாளையத்து நெல் வயல்காரன், நீச்சல்கூடத் தெரியாதவன். சிதம்பரத்தில் படிக்கும்போது பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டில் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய அண்ணன் வேலு மட்டும் முதல் நாளே என்னை மச்சான் என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. இனியாவுக்குக் காது குத்தியது திருவதிகை கோயிலில், தாய்மாமன் என்ற முறையில் அவர் மடியில் வைத்து. குழந்தை வீறிட்டபோது மச்சானும் சேர்ந்து அழுதார். புவனா அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தாள்.

புவனாவை ஊருக்குச் சாம்பலாகத்தான் கொண்டுபோக முடிந்தது. மச்சானுடைய ஃபைபர் படகில் கடலுக்குள் போனோம். கரை சின்னதாகிப் போனதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, துணி முடிச்சை என் கையில் கொடுத்தார். எங்கும் மண்ணெண்ணெய் வாடை. அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு, நார்வேயில் விமான நிலையத்தில் நிறுத்திவிட்டு வந்த காரின் விளக்கை அணைத்தேனா என்பது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மச்சான் என்னிடம் கேட்டார். "பாப்பாவ இங்க வுட்டுட்டுப் போ மச்சான். ஒங்க அக்கா பாத்துப்பா. நீ வருசத்துக்கு ரெண்டு தடவ வந்து பாரு." அக்கா என்றது தன் மனைவியை. அவர் சண்டையாகக் கேட்கவில்லை, உரிமையாகக்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்பது போல் மெதுவாகக் கேட்டார். நான் பிடிகொடுக்காமல், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இனியாவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். அந்த அடுத்த வருடம் வந்துவிட்டது. இந்த மே மாதத் தொடக்கத்தில் மச்சான் போன் செய்து, கடலூரில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் இனியாவுக்கு இடம் சொல்லிவைத்திருப்பதாகவும், ஜூனில் திறந்துவிடுவார்கள் என்பதால் மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்லும்படியும் கேட்டார்.

எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே தெரிந்தது. அனுப்பினால் அவளுக்கு மடி உண்டு, தமிழ் உண்டு, வெயில் உண்டு. அனுப்பாவிட்டால் நான் உண்டு, ஆனால் நான் என்ன லட்சணத்தில் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியும். அந்த வாரம்தான் ஆசிரியை படகு பற்றிக் கேட்டார். இனியாவும் இரவுச் சாப்பாட்டின்போது, எல்லாரிடமும் படகு இருக்கிறது என்றாள், குறையாகச் சொல்லாமல் செய்தியாக. அன்று மச்சானிடம், சின்னப் பிள்ளைக்குத் தோதான பழைய படகு ஒன்று பார்க்கிறேன், கிடைத்தால் இங்கேயே இருந்துவிடுகிறோம், கிடைக்காவிட்டால் இனியாவை ஜூனில் கூட்டிவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முடிவெடுக்கத் தெம்பில்லாமல் அதைப் படகின் தலையில் கட்டினேன் என்பதுதான் உண்மை. மச்சான் சரி என்றார்.

எங்கள் தெருவுக்குக் கீழே இருக்கும் துறையில் மாரிட் என்ற அம்மாள் தன் படகை விற்கப்போவதாக ஆலையில் சொன்னார்கள். வயது எழுபதுக்கு மேல். தோள்பட்டை வலியால் இன்ஜின் கயிற்றை இழுக்க முடியவில்லையாம். கணவரோடு இருபது வருடம் மீன் பிடித்த வெள்ளைப் படகு, கட்டையும் அகலமுமாக இருந்தது. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அங்கேதான் என் அப்பா வந்து புகுந்துகொண்டார்.

அப்பா சந்தையில் மாடு பிடிக்கும் விதம் கீரப்பாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். பிடித்த மாட்டை ஒருநாளும் நல்ல மாடு என்று சொல்ல மாட்டார். சுற்றிச் சுற்றி வருவார். பல் தேய்ந்திருக்கிறது, சுழி சரியில்லை, பின்னங்கால் இழுக்கிறது, இதைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது என்பார். விற்பவரும் கோபப்பட்டது போல் கயிற்றை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடப்பார். இரண்டு பேருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். கடைசியில் டீ குடித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வருவோம். வாங்கப்போகும் பொருளைக் குறை சொல்லாமல் வாங்கினால் விற்பவருக்கே மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஊர் எங்களுடையது. அதனால் நானும் மாரிட்டின் படகைச் சுற்றிவந்தேன். விளிம்பு தாழ்வாக இருக்கிறது என்றேன். இன்ஜின் கிழடு என்றேன். தரை வழுக்குகிறது, ஐந்து வயதுப் பிள்ளையை இதில் எப்படி ஏற்றுவது என்று உதட்டைப் பிதுக்கினேன்.

மாரிட் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. நான் முடித்ததும் தார்ப்பாயை எடுத்துப் படகை மூடிக் கட்ட ஆரம்பித்தார். "அப்படியென்றால் உங்களுக்கு விற்க முடியாது. உங்களிடம் சின்னக் குழந்தை இருக்கிறது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "நெய்" என்றார். இங்கே அதற்கு இல்லை என்று பொருள். உண்மையில் அருமையான படகு, சும்மா சொன்னேன் என்றேன். குழந்தையின் பாதுகாப்பைப் பற்றி ஒருவர் சும்மா பேசுவாரா என்பது போல் என்னைப் பார்த்தார். நான் புகழப் புகழ அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். புவனா போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. மாடு பிடிக்கிற மாதிரியா படகு வாங்கப் போன என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு, சனிக்கிழமை அந்த அம்மாளிடம் போய்த் தனக்கு வீடியோ கால் போடச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைதான் மாதக் கடைசி.

இங்குள்ள துறைகளில் ஒரு மரப்பெட்டி இருக்கும். யார் வேண்டுமானாலும் அதிலிருந்து பிள்ளைக்கு மிதவைச் சட்டை எடுத்து மாட்டி, திரும்பும்போது வைத்துவிட்டுப் போகலாம். இனியாவுக்கு மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டினேன். மாரிட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தையின் அம்மாவுடன் பிறந்தவர் இந்தியாவில் மீனவர், அவர் பார்க்கட்டும், அவர் வேண்டாம் என்றால் போய்விடுகிறேன் என்றேன். மாரிட் யோசித்துவிட்டுத் தார்ப்பாயை அவிழ்த்தார்.

இங்கே நண்பகல், அங்கே மூன்றரை மணி. மச்சான் மணலில் ஏற்றிவைத்த தன் படகின் நிழலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். "மாரியக்காவுக்கு வணக்கம் சொல்லு" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். முதலில் இனியாவைப் படகின் தரையில் உட்காரவைக்கச் சொன்னார். அவள் தோள் விளிம்புக்குக் கீழே இருந்தது. "ம்" என்றார். என்னை ஒரு பக்கத்து விளிம்பில் குந்தச் சொன்னார். படகு ஒரு சாண் சாய்ந்து, அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுகொண்டது. "ம்" என்றார். தரையில் மிதித்து மெத்தென்று இருக்கிறதா பார்க்கச் சொன்னார், பக்கங்களை முஷ்டியால் தட்டி அந்தச் சத்தத்தைப் போனுக்குக் கேட்கவைக்கச் சொன்னார். பாப்பா உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு வளையத்துக்குத் துணி சுற்றச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் மாரிட்டுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கட்டியிருந்த கையை எப்போது அவிழ்த்தார் என்று நான் கவனிக்கவில்லை.

படகின் மூக்குப் பக்கம் போனைக் கொண்டுபோனபோது, நிறுத்து என்றார். உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு. மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. நான் முதல்தடவை சுற்றிவந்தபோது கவனிக்காத ஒரே குறை அது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டுப்போட்ட படகு, வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும் நம்புவேன், மாரிட்டும் நம்புவார், ஜூனில் இனியா அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போவாள். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து எனக்கு வந்த முதல் பயம் அது. என் மகளை நான் எங்கும் அனுப்ப விரும்பவில்லை என்பது அந்தப் பயம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதை மச்சானிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

ஒட்டின் மேல் விரலை வைத்து ஓரம் வரைக்கும் தேய்க்கச் சொன்னார். தட்டச் சொன்னார். இன்னொரு தடவை தட்டச் சொன்னார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கெட்டியாதான் பூசியிருக்காங்க. நல்ல போட்டு மச்சான். எடுத்துக்க."

மாரிட்டிடம் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இங்கே மனிதர்கள் கேட்கவேண்டியதை நேராகக் கேட்டுவிடுவார்கள். என் கையிலிருந்த போனைப் பார்த்து, அவருடைய சொந்தக் குழந்தையை இந்தப் படகில் ஏற்றுவாரா என்று கேட்டுச் சொல்லும்படி சொன்னார். மச்சானுக்குப் பிள்ளை இல்லை என்பது மாரிட்டுக்குத் தெரியாது, பாவம். அவர் வேறு எதையோ கேட்டதாகச் சொல்லி நான் சமாளித்திருக்கலாம். மச்சான் என்ன கேக்குறாங்க, என்ன கேக்குறாங்க என்று இரண்டு முறை கேட்டார். அப்படியே சொல்லிவிட்டேன்.

"ஒங்க சொந்தப் புள்ளைய இதுல ஏத்துவீங்களான்னு கேக்குறாங்க மச்சான்."

அவருக்குப் பின்னால் யாரோ படகு தள்ளுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார்.

"என் புள்ளையத்தான் ஏத்துறேன்னு சொல்லு."

அதை அப்படியே நார்வே மொழியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யா" என்று மட்டும் சொன்னேன், ஆமாம் என்று. மாரிட் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிறு என் காலடியில் கிடந்தது. மாரிட் நான் விடும்வரைக்கும் கையை எடுக்காமல் நின்றார்.

போன் எப்போதோ இனியா கைக்குப் போயிருந்தது. படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து மாமாவிடம் இன்ஜினைக் காட்டி முடித்து, போனைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள். திரை முழுவதும் தேவனாம்பட்டினத்து மணலும் வெயிலும் மச்சானுடைய ஈர முகமும். மூலையில் நகம் அளவுக்கு எங்கள் பக்கத்துச் சாம்பல் நிறக் கடல், அதில் ஒரு மஞ்சள் சட்டை. இனியா அந்த மூலையைத் தொட்டாள். நாங்கள் பெரிதானோம், கடலூர் மூலைக்குப் போனது. மாமா சின்னதாகிவிட்டார் என்று அவரிடமே சொல்லிவிட்டு, மறுபடி தொட்டாள்.