மாடில்லாத வண்டிக்கு அரை மணி

1934, மே 14, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, சவரம் செய்து, இங்கிலாந்துக்காரர்களுடைய ஓட்ஸ் கூழை உப்புப் போட்டுக் குடித்து, ஏழு மணிக்குப் பெர்மான்சியில் எங்கள் தோல் கிடங்கின் வாசலில் நின்றேன். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் பதனிடும் தோல்கள் லண்டனில் வந்து சேரும் பேட்டை இது. அவற்றைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதற்காக மூன்று வருடங்களுக்கு முன் என்னை அனுப்பினார்கள். அன்று பெர்ட் என்ற ஓட்டுநரின் லாரியில் நார்தாம்ப்டனுக்குப் போய் ஒரு பூட்ஸ் தொழிற்சாலையில் சரக்கு இறக்க வேண்டும். அங்கிருந்து நேராக டில்பரி துறைமுகத்துக்கு வந்து, பிற்பகல் கப்பலில் வரும் புதுக் கட்டுகளை ஏற்ற வேண்டும். அதே கப்பலில் என் மனைவி முனியம்மாவும் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. கப்பல் கரை சேரும்போது நான் அங்கே நிற்கவேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு நினைவில்லை.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகையில், நல்ல சாலையில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த லாரியைப் பெர்ட் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். ரொட்டிப் பொட்டலத்தை மடியில் பிரித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “ரெஸ்ட்” என்றார்.

நம்மூரில் வண்டி எதற்காக நிற்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். என் மாமனார் பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில் தோல் ஏற்றியவர். மாடு நுரை தள்ளினால் நிறுத்துவார். நுகத்தை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, அது அசைபோடும் நேரத்தில் வண்டிக்கடியில் தாமும் படுத்துக்கொள்வார். மனிதன் களைத்தான் என்று யாரும் சொன்னதில்லை. மாட்டின் ஓய்வில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது, அவ்வளவுதான். பிறகு எங்கள் மண்டிக்கு லாரி வந்தது. மாடு போயிற்று, மாட்டோடு அந்தப் பங்கும் போயிற்று. லாரி ஓட்டிய காதர் பாய் சென்னைக்குப் போய்த் திரும்பிய கையோடு மறுபடி பாரம் ஏற்றுவார். கொஞ்சம் படுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். “இஞ்சின் சூடானா நிறுத்தலாம் மேஸ்திரி. எனக்கு சூடானா எவன் கேக்கறான்? பேஜார் பண்ணாம ஏறுங்க” என்றார். ஆற்காட்டில் இஞ்சினுக்கு ஊற்றிய பிறகு வாளியில் மிஞ்சிய தண்ணீரைத்தான் முகத்தில் அடித்துக்கொள்வார்.

ஆகவே பெர்ட் சொன்ன ஓய்வும் லாரிக்குத்தான் என்று முடிவு செய்தேன். சீக்கிரம் ஆறினால் சீக்கிரம் கிளம்பலாம். வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மாளிடம் வாளியை நீட்டித் தண்ணீர் வாங்கிவந்து, ரேடியேட்டர் மூடியை ஈரத்துணியால் திருகித் திறந்து ஊற்றினேன். பெர்ட் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறிடுச்சு, போலாமா?” என்றேன்.

பெர்ட் சிரித்த சிரிப்பில் ரொட்டித் தூள் என் கோட்டில் தெறித்தது. அவருடைய ஆங்கிலத்தை நம்மூர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். “அதுக்கு ஒண்ணும் இல்லப்பா. ரெஸ்ட் எனக்கு!”

ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் ஓட்டுநர் அரை மணி இளைப்பாற வேண்டுமென்று இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். சரக்கு இறக்குவதும் ஓட்டுவதோடு சேர்த்தி. மனிதனுக்காகச் சட்டம்! ஆனால் அன்று அதை மெச்சும் நிலையில் நான் இல்லை. கப்பல் வந்துவிடும், அவள் தனியாக நிற்பாள் என்று கெஞ்சினேன்.

“சட்டம் வர்றதுக்கு முன்னாடி, ஓட்டிக்கினே தூங்கி சர்ச்சு சுவத்துல மோதிட்டேன். பாதிரியாரு ஓடியாந்து, ‘இன்னா பெர்ட், கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் இந்தப் பக்கம் வர்றே’ன்னாரு. உன் பெண்டாட்டி முழுசா வூடு வரணுமா, வேணாமா? உக்காரு.” ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

உட்கார்ந்தேன். வேலி முழுக்க வெள்ளைப் பூ. மூன்று வருடங்களில் வேலைநாளில், வெயிலில், புல்லின் மீது நான் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். காதர் பாயும் பக்கத்தில் கால் நீட்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டில்பரிக்குப் போனபோது பயணிகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் ஒருவருமில்லை. வாயிற்காவலரிடம் விசாரித்தும் பயனில்லாமல் பெர்ட்டைத் தேடிச் சரக்குக் கொட்டகைக்கு ஓடினேன். ஆம்பூர்க் கட்டுகளின் அடுக்கோரம், தகரப் பெட்டியின் மேல் முனியம்மா உட்கார்ந்திருந்தாள்.

“எங்க நிக்கறதுன்னு தெரியல. நம்ம தோலுக்குப் போடற ஆவாரம்பட்டை வாசனை அடிச்சுது. எங்க சுத்தினாலும் நீங்க இதுங்ககிட்டதானே வந்தாவணும்? இங்கியே உக்காந்துட்டேன்” என்றாள். பிறகு, “ஏன் இவ்ளோ நேரம்?”

“நடு வழியில ஓய்வுக்கு வண்டிய நிறுத்திட்டாங்க.”

“மாட்டுக்கா?”

“மாடு ஏது இங்க? ஆளுக்கு.”

“ஆளுக்கா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லாரியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவைத் திறந்து முதலில் பெர்ட்டிடம் நீட்டினாள். வாளியோடு நான் ஓடிய கதையை அவர் கையாலேயே நடித்துக் காட்டினார். மொழி தெரியாமலே அவளுக்கு முழுவதும் புரிந்தது.

மறுநாள் காலை பெர்ட் என்னை ஏற்றிக்கொள்ள எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். வாசலில் வண்டி வந்து நின்றால் முதலில் தண்ணீர் காட்டுவது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். லாரிச் சத்தம் கேட்டதும் வாளியோடு இறங்கியவள், பாதிப் படியில் நின்றாள். வாளியை வைத்துவிட்டு உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை டம்ளரில் டீ ஊற்றிப் பெர்ட்டிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடித்த பிறகே வாளியைத் தூக்கி லாரியின் முகத்துக்கு முன்னால் வைத்தாள்.