பயமாக இருக்கிறது என்று அவர் சொன்ன நேரம்

"பொறுமையா இரு" என்று சொல்ல வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். எனக்குப் பொறுமை கிடையாது. 2023 நோன்பு மாதக் கடைசியில் சூடானில் சண்டை வெடித்தது. என் கணவர் அங்கே கார்ட்டூமில் மெக்கானிக். நானும் மாமியாரும் இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில்.

தினமும் போன் செய்வார். "கம்பெனி குவார்ட்டர்ஸ்ல சுகமா இருக்கேன் புள்ளே. சண்டை எங்கியோ தூரத்துல. நீ டிவி பாக்காதே." வீடியோவில் வரச் சொன்னால் கேமரா கெட்டுப்போய்விட்டது என்பார். நோன்பு திறக்கும்போது தட்டைக் காட்டிக் கேலி செய்கிற மனிதர், முகத்தையே காட்டவில்லை. நான் நம்பவில்லை. ஆனாலும் மாமியாரிடம், "சுகமா இருக்காங்களாம் மாமி" என்றேன். "நீயும் அவனை மாதிரியே பொய் சொல்றே" என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெருநாள் அன்று அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு, நம் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தது. தூதரக உதவி எண்ணில் கூப்பிட்டு குவார்ட்டர்ஸ் விலாசம் கொடுத்தேன். போய்ப் பார்த்தார்கள். கதவு உடைந்து கிடக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்றார்கள். அவர் போனும் நின்றுபோனது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பெருநாளுக்குப் பின் வைக்கும் ஆறு நோன்பில் இருந்தேன். நோன்பு திறக்கிற நேரம், தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாஹ்விடம் சண்டை போட்டேன். "காப்பாத்து காப்பாத்துன்னு கேட்டு வாய் வலிக்குது. உசிரோட இருந்தா அந்த மனுஷன் வாயில ஒரு உண்மையை வர வை."

பாங்கு முடியும் முன் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"எனக்குப் பயமா இருக்கு புள்ளே."

அழுதார். முதல் நாளே குவார்ட்டர்ஸில் குண்டு விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு ரொட்டிக் கடைக் கிடங்கில் ஒளிந்திருக்கிறார். தண்ணீர் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. இது கடைக்காரர் போன்.

"நீ வெசனப்படுவேன்னுதான் சொல்லல."

"உங்க ஆறுதலைக் காயல்ல கொண்டு போடுங்க. எடத்தைச் சொல்லுங்க."

சொன்னார். அதை உதவி எண்ணில் சொன்னேன். மறுநாள் பஸ் அங்கே போனது.

வந்துவிட்டார். முழுதாய் வந்தார் என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் வெடி போட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெளியே நின்று, "பயமா?" என்பேன். "ஆமா" என்பார். அந்த "ஆமா"வுக்கு அல்ஹம்துலில்லாஹ். எங்கள் வீட்டில் இப்போது ஆறுதலுக்காக யாரும் பொய் சொல்வதில்லை.

சகோதரிகளே, அழகான துஆவைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வயிற்றெரிச்சலோடு, இருக்கிற வாயால் கேளுங்கள். என் வாயையே அவன் பொறுத்துக்கொண்டான்.