சக்கரம் வைத்த பிரிமணை

புதிதாக மைக்ரோவேவ் அடுப்பு வாங்கிய வீட்டுக்கு ரமா போனால், "அப்பளம் இருக்கா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். இல்லை என்றாலும் கவலையில்லை, அவள் பையில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். அப்பளங்களைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு எடுத்து, கண்ணாடித் தட்டின் விளிம்பை ஒட்டி நான்கும் நடுவில் ஒன்றுமாக வைத்து, நாற்பது வினாடி ஓட விடுவாள். ஓரத்து நான்கும் பொரிந்து நிமிரும்போது, நடுவில் இருப்பது பாதி வெந்தும் வேகாமலும் கிடக்கும்.

"பாத்தீங்களா, நடுவுல இருக்கறவர் இன்னும் தூங்கறார். கல்யாணத்துல பெரிய மனுஷனை நடுவுல உக்கார வைப்போம். இதுல நடுவுல யாரும் உக்காரக் கூடாது."

தெலுங்கு வீடென்றால் பதுகம்மா பண்டிகையில் பூக்குவியலைச் சுற்றிப் பெண்கள் ஆடுவதைச் சொல்வாள். தமிழ் வீடென்றால் கும்மி. இட்லியோ உருளைக்கிழங்கோ, வட்டமாக நிற்க வேண்டும். உருளைக்கிழங்கின் தடித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். சாதத்தை மலை போலக் குவிக்காமல் ஓரமாகப் பரப்பி, நடுவில் குழி செய்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூட வேண்டும். பாதியில் நிறுத்தி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளிக் கிளற வேண்டும். மணி அடித்தவுடன் கதவைத் திறக்கக் கூடாது. "வெளிய இருக்கற சூடு உள்ள போய்ச் சேர ஒரு நிமிஷம் குடுங்க. வந்த விருந்தாளியைச் செருப்பைக் கழட்டறதுக்குள்ள சாப்பிடச் சொல்வீங்களா?"

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு சண்டையால்தான். 2001இல் கணவர் வெங்கடகிருஷ்ணன், தான் வேலை பார்த்த மத்திய அரசு நிறுவனத்தின் கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்கு ஒரு மைக்ரோவேவ் வாங்கிக் கொண்டுவந்தார். ஹைதராபாத் சைனிக்புரியில் அவர்கள் தெருவில் அதுதான் முதல். ஒரு மாதம் அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து டெலிபோன் டைரக்டரியை வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் ரமா உப்புமாவைச் சூடாக்கினாள். ஓரம் கல்லானது, நடு பச்சைத் தண்ணீர். நேரே செகந்திராபாத் ஷோரூமுக்குப் போய், "இது அடுப்பா, அலமாரியா?" என்று கேட்டாள். மேனேஜர் வேணுகோபாலுக்கும் பதில் தெரியவில்லை. பத்து நாள் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அந்தப் பத்து நாளில் அவள் மூன்று கட்டு அப்பளத்தைத் தீர்த்து, எந்த இடத்தில் சூடு விழுகிறது, எங்கே விழவில்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து அவருக்கே பாடம் நடத்தினாள். அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வரச் சொன்னார். அதிலிருந்து அவள் 'டெமோ ஆன்ட்டி'.

ஆறு வருடம் ஓடியது. வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான், வேலை என்று அதற்குப் பெயரில்லை. பெரிய அப்பார்ட்மென்ட்களின் வாசலில் செக்யூரிட்டி நீட்டும் நோட்டில், பீட்சா பையனுக்கும் கூரியருக்கும் இடையில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பி.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள். மகன் கிருஷ்ணாவின் பள்ளிப் படிவம் தொடங்கி இன்ஜினியரிங் கல்லூரிப் படிவம் வரை, தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்தவள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் 2007 மே மாதம், கொண்டாப்பூரில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு நிரந்தரமாக ஒரு டெமோ அலுவலர் வேண்டும், உங்கள் பெயரைத்தான் அனுப்பப் போகிறேன் என்று வேணுகோபால் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

பட்டியல் போக வேண்டிய தினத்துக்கு முதல் நாள் காலை வேணுகோபால் போன் செய்தார். அவர் பேசுவது தெலுங்குதான்.

"ரமாகாரு, உங்க பேர்ல ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கு. கொண்டாப்பூர், சுபாஸ்ரீ மேடம். டெமோ சரியா குடுக்கல, சாப்பாடு ஒரே சீராச் சூடாகலன்னு எழுதியிருக்காங்க. நாளைக்குக் காலைல நான் லிஸ்ட் அனுப்பணும். கம்ப்ளைண்ட் திறந்து கிடந்தா கம்ப்யூட்டர் உங்க பேரை எடுத்துக்காது. இன்னைக்கே போய் முடிச்சு, கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

செகந்திராபாத்தில் பஸ் மாறி அவள் கொண்டாப்பூர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. போன மாதம் அந்த வீட்டில் டெமோ கொடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சுபாஸ்ரீயும் அவள் கணவன் ஷ்யாமும் சாஃப்ட்வேர். பாதி டெமோவுக்கு சுபாஸ்ரீ ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு தலையாட்டினாள். ஊரிலிருந்து வந்து உடனிருக்கும் மாமனார் அன்று வாக்கிங் போயிருந்தார்.

இன்று கதவைத் திறந்தவர் அவர்தான். ஜகதீசன், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"வாங்கம்மா, வாங்க. மருமவ போன்ல சொல்லிச்சு. வெயில்ல வந்திருக்கிய, முதல்ல தண்ணி குடிங்க. பிரிட்ஜ் தண்ணி இல்ல, பானைத் தண்ணி."

சமையல் மேடையின் மூலையில், குழாய் வைத்த மண்பானை ஒன்று ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தது. ஜகதீசன் அதை ஒரு விரலால் தள்ளினார். பானை மெல்லச் சுழன்று குழாயை அவள் பக்கம் திருப்பியது.

"எப்படி?" என்றார். "டம்ளரை நீங்க எங்க வச்சாலும் குழாய் அங்க வரும்."

"ஹவ், நல்லாருக்கே" என்றாள் ரமா.

"ஹவ்வுன்னா?"

"ஆமான்னு அர்த்தம். இருபத்தி மூணு வருஷமாச்சு இந்த ஊருக்கு வந்து, வாயில ஒட்டிக்கிச்சு." தண்ணீரைக் குடித்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணுதுங்கய்யா இது?"

"முப்பத்தி ரெண்டு வருசம் கரண்டுல கெடந்தவன் சொல்லுதேன், மிசின்லதான் கோளாறு. மருமவ காலைல சோறு, குழம்பு எல்லாம் ஆக்கி பிரிட்ஜ்ல வச்சிட்டுப் போயிரும். மத்தியானம் நான் இதுல சூடு பண்ணிச் சாப்பிடணும். கேஸைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. ஒரு தடவ பாலை வச்சிட்டுக் கீழ கத்திரிக்கா வாங்கப் போயிட்டேன், அதுக்குத் தண்டனை. இதுல வச்சா சோறு ஒரு பக்கம் விரலைப் பொசுக்குது, மறுபக்கம் ஐஸ் கணக்கா இருக்கு."

"நடுவுல குழி பண்ணி வச்சீங்களா?"

"பண்ணுனேன். மருமவ சொல்லிக் குடுத்துச்சு. மூடி வச்சேன், கிளறுனேன், நீங்க சொன்ன ஒரு நிமிசமும் குடுத்தேன். கை கட்டிக்கிட்டு நின்னு குடுத்தேன்."

சொன்னதையெல்லாம் செய்தும் சூடாகவில்லை என்றால் தப்பு சொன்னவள்மேல்தான் வரும். ரமா பையிலிருந்து அப்பளக் கட்டை எடுத்தாள். ஐந்தையும் நனைத்து வைத்து ஓடவிட்டாள். வழக்கமான மெல்லிய உறுமலோடு, கரகரவென்று எதுவோ உரசும் சத்தமும் வந்தது. கதவின் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். தட்டு ஒரு இழுப்பு இழுத்து, நின்று, மறுபடி ஒரு இழுப்பு இழுத்தது.

வெளியே எடுத்தபோது ஒரு அப்பளம் கருகியிருந்தது. பக்கத்தில் ஒன்று பாதி பொரிந்திருந்தது. மற்ற மூன்றும் வைத்தபடியே இருந்தன.

"நான் சொன்னேன்லா" என்றார் ஜகதீசன், வெற்றியோடு.

ரமா கண்ணாடித் தட்டைத் தூக்கினாள். அடியில் நடுக்குமிழ் மட்டும் இருந்தது. தட்டைத் தாங்கிச் சுழற்ற வேண்டிய, மூன்று சின்னச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வளையத்தைக் காணவில்லை. தட்டு குமிழின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்ற முடியாமல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே இடத்தில் நின்ற சாப்பாடு ஒரே பக்கம் வெந்திருக்கிறது.

"இதுக்கு அடியில ஒரு வளையம் இருந்துச்சே, ஐயா."

கேட்கும்போதே அவள் பார்வை பானையின் அடிக்குப் போய்விட்டது. ஈரத்துணியின் கீழே ஒரு சக்கரம் எட்டிப் பார்த்தது.

அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"அது பிரிமணை இல்லையா?" என்றார்.

பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமணை இல்லாத வீடு அவர் ஊரில் இல்லை. கொத்தகூடாவில் சாலையோரம் இந்தப் பானையை வாங்கியபோது பிரிமணையும் கேட்டிருக்கிறார், கடைக்காரனுக்குப் புரியவில்லை. மறுநாள் அடுப்பைத் துடைக்கத் தட்டைத் தூக்கினால், அளவெடுத்ததுபோல ஒன்று.

"கண்ணாடி உடையாம இருக்க பார்சல்ல வச்சு அனுப்புனதுன்னு நெனச்சேன், அந்தத் தெர்மாகோல் மாதிரி. சக்கரம் வேற இருக்கா, கம்பெனிக்காரன் நல்லாத்தான் யோசிச்சிருக்கான்னு..." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கெழம மருமவப் பிள்ளைட்ட ஒரு வார்த்த விட்டுட்டேன்மா. எங்க வீட்ல ஆறுன சோத்தை வேலைக்காரனுக்குக் கூடப் போட மாட்டோம்னு. எந்திரிச்சிப் போயிருச்சு, சாப்பிடல."

ரமா பானையைத் தூக்கி ஒரு சோற்றுச் சட்டியின்மேல் வைத்தாள். வளையத்தைக் கழுவித் துடைத்து அடுப்புக்குள் பொருத்தினாள். புதிதாக ஐந்து அப்பளம் வைத்தாள். தட்டு சத்தமில்லாமல் சுற்றியது. நான்கு பொரிந்தன, நடுவில் இருந்தது தூங்கியது.

பிறகு படிவத்தை எடுத்தாள். கோளாறு எதனால் என்று மூன்று கட்டம்: இயந்திரம், டெமோ, வாடிக்கையாளர் கையாண்ட விதம். அதன்கீழே கையெழுத்து. படிவத்தின் நகல் சுபாஸ்ரீக்குப் போகும். மூன்றாவதில் டிக் செய்தால் ரமாமேல் குற்றமில்லை, ஆனால் மாமனார் செய்தது மருமகளுக்குத் தெரிந்துவிடும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். இந்த மனிதருக்காக இரக்கப்படலாம், அதற்காகத் தேடி வந்த புது வேலையை விடுவதா? ஆனால் அவளை உறுத்தியது வேறொன்று. ஆறு வருடத்தில் எத்தனை வீடுகள். ஒரு வீட்டில்கூட அவள் அந்தத் தட்டைத் தூக்கி அடியில் இருப்பதைக் காட்டியதில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருக்கிறாள். உப்புமாவின் நடு ஏன் ஜில்லென்று இருக்கிறது என்பதுகூட யாருக்கும் தெரிந்ததாகத்தான் இருந்திருக்கும், தெரிந்தவர்களுக்கு.

இரண்டாவது கட்டத்தில் டிக் செய்து நீட்டினாள்.

ஜகதீசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைப்பிலிருந்து படித்தார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவரில்லை.

"இது என்னது? டெமோல தப்புன்னு போட்டிருக்கிய?"

"நான் அந்த வளையத்தைக் காட்டியிருக்கணும், காட்டல."

"அதுனால உங்களுக்கு என்ன ஆவும்?"

அவள் மறைக்கவில்லை. புதுக் கிளை, நாளைக்குப் போகும் பட்டியல், எல்லாம் சொன்னாள்.

"அப்ப இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்." படிவத்தை மேசைமேல் வைத்தார். "எங்க வேலைல ஒரு சட்டம் உண்டும்மா. ஃபால்ட் ஒரு எடத்துல இருக்கும்போது வேற எடத்துலன்னு எழுதிட்டா, அடுத்து வாரவன் தப்பான கம்பத்துல ஏறிச் சாவான். எழுதுனது தாட்சண்யம் பாத்து எழுதுனதுன்னு கரண்டுக்குத் தெரியுமா?"

"நக்கோ ஐயா, வேண்டாம், விடுங்க. உங்க மருமக பாத்தா..."

"பாக்கட்டும். அதுவாப் பாக்கதுக்கு முன்னால நானே சொல்லிப்புடுதேன்."

சொல்லிவிட்டாரே தவிர, போனைக் கையில் எடுத்த பிறகு அதை இரண்டு முறை துடைத்தார். சுபாஸ்ரீயின் குரல் இந்தப் பக்கம் ரமாவுக்கே கேட்டது.

"மாமா, மீட்டிங்ல இருக்கேன். அந்த டெமோ ஆன்ட்டி வந்தாங்களா?"

"வந்தாங்க. கோளாறு கண்டுபிடிச்சாச்சு. மிசின்ல இல்ல. அடியில இருந்த சக்கரத்தை எடுத்து நான் பானைக்கு பிரிமணையா வச்சிட்டேன்."



"அந்தச் சுத்தற பானையா?" என்றாள் சுபாஸ்ரீ. "ஷ்யாம் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அப்பா கண்டுபிடிச்சதுன்னு பெருமையடிச்சிட்டு இருக்கார், மாமா." அப்புறம் சிரிப்புச் சத்தம். அடக்கியும் அடங்காத சிரிப்பு. "அப்ப என் சமையல்ல குத்தமில்லையா?"

"புளிக்குழம்புல புளி கொஞ்சம் தூக்கல்தான். அது வேற விசயம். ஞாயித்துக்கெழம சொன்னேன் பாத்தியா, அது என் தப்பு."

"சரி மாமா. நான் மீட்டிங்ல இருக்கேன்" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. போனை உடனே வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் படிவத்தைப் பற்றி இருவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். தப்பு தன்மேல்தான் என்று இரண்டு பேரும் விடாப்பிடியாக நின்றார்கள். கடைசியில் இரண்டாவது கட்டத்தில் ரமாவின் டிக்கும், மூன்றாவதில் ஜகதீசன் தன் கையால் போட்ட டிக்கும் இருந்தன. அவர் கையெழுத்தின் கீழே தேதி, நேரம் இரண்டும் எழுதினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சோறு ஒரே சீராகச் சூடாகியிருந்தது. புளி தூக்கல்தான்.

மாலை ஐந்து மணிக்கு வேணுகோபால் படிவத்தைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். "கம்ப்யூட்டர் ஒண்ணுதான் எடுக்கும், ரமாகாரு. எதைப் போட?"

"ரெண்டும்தான் சார் காரணம். அவர் எடுத்தார், நான் காட்டல."

கதையை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. எழுந்து, ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்த அடுப்புகளின் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஏழில் இரண்டில் வளையம் இல்லை. எங்கே போனதென்று எந்த சேல்ஸ்மேனுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, திரையில் 'இதர காரணம்' என்பதை அழுத்தினார். விளக்கம் கேட்ட இடத்தில் 'மண்பானை' என்று அடித்து, கம்ப்ளைண்டை மூடினார். தலைமை அலுவலகத்திலிருந்து யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் கொண்டாப்பூர் கிளை திறந்தது. அடையாள அட்டையில் ரமாவின் கண் பாதி மூடியிருந்தது. வேறு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், அவள் வேண்டாம் என்றுவிட்டாள். முதல் நாளே மூன்று வீடு. மூன்றிலும் அப்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் தட்டைத் தூக்கிக் காட்டினாள். முடித்துவிட்டு வெளியே வரும்போது ஏழரை ஆகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் சாஃப்ட்வேர் பிள்ளைகள் கூட்டம், எல்லார் கழுத்திலும் அட்டை. அவளும் கழற்றாமல்தான் நின்றாள். வெங்கடகிருஷ்ணன் போன் செய்தார்.

"இன்னும் கிளம்பலையா?"

"நிக்கறேன். ரெண்டு பஸ் மாறி வர ஒன்பதரை ஆகும். நீங்க சாப்பிட்டுடுங்க."

"உனக்கு?"

"எடுத்து மூடி வைங்க. வந்து நான் சூடு பண்ணிக்கறேன்."