பன்னிரண்டரை மணிச் சோறு

பெற்றிசியாவுக்கு வயிறு எரியத் தொடங்கியது செட்டிகுளம் அகதி முகாமில். அங்கிருந்து இலுப்பைக்கடவைக்குத் திரும்பி, தறப்பாளுக்குப் பதில் தகரம் போட்டு, தகரத்துக்குக் கீழே ஓர் அடுப்பும் மூட்டி ஒன்றரை வருடமாகிவிட்டது. எரிவும் அவளோடு கூடவே வந்து மீள்குடியேறிவிட்டது. பின்னேரமானால் நெஞ்சுவரை புளித்துக்கொண்டு ஏறும். அவள் ஏப்பம் விட்டால் பக்கத்து வளவு மாக்கிறட் வேலிக்கு மேலால் எட்டி, "என்னடி பெற்றி, வெடி கொளுத்துறியோ?" என்று கேட்பாள். வெடிச்சத்தத்துக்கு நடுங்கின சனம் ஏப்பத்துக்குச் சிரிக்கிற காலம் வந்தது நல்லதுதான். ஆனால் சிரிப்பது மாக்கிறட், எரிவது பெற்றிசியாவுக்கு.

எரிவுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவள் புருஷன் எமிலியானுஸ் சாப்பிடாமல் அவள் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டாள். அவனோ நண்டு வலைக்காரன். விடியமுன் கடலுக்குப் போய், கரைக்கு வந்த பிறகும் வலையில் சிக்கின நண்டை ஒவ்வொரு காலாகக் கழற்றிக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வர மூன்றாகும், சில நாள் நாலாகும். அதுவரை பெற்றிசியா பிளேன் ரீயைக் குடித்து வயிற்றை ஏமாற்றுவாள்.

அவள் ஏன் காத்திருக்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. புருஷன்மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்தவர்கள் உண்டு. அவள் அவனை ஏசுகிறதைக் கேட்டவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

விஷயம் இதுதான். கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில் ஒருநாள் எமிலியானுஸ் கஞ்சி வாங்க வாளியோடு போனான். அவன் போன பக்கம் செல் குண்டு விழுந்தது. பின்னேரம்வரை ஆள் வரவில்லை. பங்கருக்குள் இருந்த பெற்றிசியா மடு மாதாவைக் கூப்பிட்டாள். "இந்த மனிசனை உயிரோட திருப்பித் தா தாயே. இனி என்ர சீவியத்துக்கும் அவர் மத்தியானம் சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன்" என்று நேர்த்தி வைத்தாள். இருட்ட முதல் அவன் வந்து சேர்ந்தான், உடம்பு முழுக்க மண், கையில் அரை வாளி கஞ்சி.

நேர்த்தி வைக்கிற அவசரத்தில் யார் நாலு பக்கமும் யோசிக்கிறார்கள்? மாக்கிறட்டும் அதே கிழமை அதே மாதாவுக்குத்தான் நேர்த்தி வைத்தாள், ஒரு பெட்டி மெழுகுதிரி. போன ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய்க் கொளுத்திவிட்டு நிம்மதியாக வந்துவிட்டாள். நம்முடைய பெற்றிசியா சீவிய காலத்துக்கும் மாட்டிக்கொண்டாள். வெளியே சொன்னால் நேர்த்தியின் பலன் போய்விடும் என்ற பயம் வேறு. பலன் போவதென்றால் அவளுக்கு எமிலியானுஸ் போவது. ஆகவே வாயை மூடிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் எரிவு தாங்காமல் ஆயுள்வேத வைத்தியர் நவரத்தினத்திடம் போனாள். அவர் கிழமையில் இரண்டு நாள் பாடசாலைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டிலில் மருந்து கொடுப்பவர். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு விசாரணை தொடங்கினார்.

"காலமை வெறும் வயித்தில என்ன குடிக்கிறனீங்கள்?"

"பிளேன் ரீ ஐயா."

"பிறகு?"

"பிறகு இன்னொரு பிளேன் ரீ."

"மத்தியானச் சாப்பாடு எத்தினை மணிக்கு?"

"அது நண்டைக் கேட்டாத்தான் தெரியும் ஐயா."

நவரத்தினம் சிரிக்கவில்லை. வயிற்று விஷயத்தில் அவர் சிரிக்கிற ஆளில்லை. "பித்தம் ஏறிப்போய் நிக்குது. சீரகமும் மல்லியும் அவிச்ச தண்ணி குடியுங்கோ. அதிமதுரச் சூரணம் தாறன். புளி, பச்சைமிளகாய், பொரியல், கருவாடு ஒண்டும் கூடாது. ஆனா ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. மருந்து பாதி, நேரம் பாதி. பன்னிரண்டரைக்குச் சோறு வயித்துக்குள்ள இருக்கோணும். இல்லாட்டி இந்தச் சூரணத்தைக் கொண்டுபோய்க் கடலில கொட்டுங்கோ, மீனுக்காவது சுகம் வரட்டும்."

பெற்றிசியா வீடு வரும்வரை யோசித்தாள். அவள் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் அவன் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். இதில் கஷ்டம் ஒன்றுமில்லை, ஆள் இருக்கிற இடத்துக்குச் சோற்றைக் கொண்டுபோனால் சரி.

அடுத்த நாளே மூடி போட்ட சில்வர் வாளியோடு கரைக்குப் போனாள். எமிலியானுஸும், அவனோடு தொழிலுக்குப் போகிற அவள் தம்பி கொலின்ஸும் வலைக்கு நடுவில் குந்தியிருந்தார்கள்.

"கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ."

"இப்ப பசிக்கேல்லை."

"பசி பிறகு வரும். முதல்ல சாப்பிடுங்கோ."

அவன் மூடியைத் திறந்தான். வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சட்டி. வைத்தியர் அவளுக்குச் சொன்ன பத்தியம் அவனுக்கும் வந்து சேர்ந்தது. புளியில்லை, உறைப்பில்லை, வெள்ளை வெளேரென்று ஒரு நண்டுச் சொதி. தான் பிடித்த நண்டை இந்தக் கோலத்தில் பார்க்க எமிலியானுஸுக்குத் துக்கமாக இருந்தது. "இது ஏதோ ஆஸ்பத்திரியில செத்த நண்டு போல கிடக்கு" என்றான். ஆனாலும் சாப்பிட்டான். அவள் கடைசிப் பருக்கைவரை பார்த்து நின்று, பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் இந்தக் கூத்து நடந்தது. அவன் தலைமயிர் வெட்டப் போனால் கதிரைக்குப் பக்கத்தில் வாளி. கோயில் சிரமதானத்துக்குப் போனால் மண்வெட்டிக்குப் பக்கத்தில் வாளி. ஒருநாள் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். மன்னாரிலிருந்து வந்த உத்தியோகத்தர் முன்னால் எமிலியானுஸ் எழும்பி நின்று, "ஐயா, எங்கட இறங்குதுறை விஷயத்தில நாங்கள் ஏமாந்தது காணும்" என்று உரத்துத் தொடங்கினான். வாசலில் பெற்றிசியா வாளியோடு நின்றாள். உத்தியோகத்தர் வாளியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், "அண்ணை முதல்ல சாப்பிட்டிட்டு வாங்கோ, பிறகு ஏமாந்த கதையைக் கேப்பம்" என்றார். சபை உருண்டு உருண்டு சிரித்தது. அன்றைக்கு அவனுக்குப் பன்னிரண்டரை என்று பட்டம் விழுந்தது.

அவளுக்கோ எரிவு குறைந்துகொண்டு வந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி. இரவில் படுத்தால் நெஞ்சில் புளிக்கவில்லை. நித்திரையும் வந்தது.

ஆம்பிளைக்குப் பட்டம் விழுந்தால் சும்மா இருப்பானா? அடுத்த நாள் அவன் வள்ளத்தைக் கரைக்கு விடவில்லை. கொலின்ஸ் கெஞ்சியும் கேளாமல், கரையில் நிற்கிற பெண்சாதியின் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டு, கடலிலேயே இருந்து நண்டு கழற்றினான். கரைக்கு வர நாலரை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது பெற்றிசியா கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். மாக்கிறட் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, "பச்சைத் தண்ணிகூடத் தங்குதில்லை, அவ்வளவும் சத்தி" என்று கத்தினாள். சோற்றுப் பானை திறக்காமல் இருந்தது.

எமிலியானுஸ் அவளைக் கொலின்ஸின் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் தான் இருந்து அணைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் அவளை ஏசிக்கொண்டே போனான், பயத்தில் அவனுக்கு வேறொன்றும் பேச வரவில்லை.

நவரத்தினம் அவளுக்கு மல்லித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கி, எரிவு அடங்கிய பிறகு கேட்டார். "மூண்டு நாளா மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

"சோறு இல்லையோ?"

"இருந்தது."

"அப்ப ஏன்?" என்று வைத்தியரும் எமிலியானுஸும் ஒன்றாகக் கத்தினார்கள்.

பெற்றிசியா அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், செல் விழுந்ததை, மாதாவைக் கூப்பிட்டதை, அரை வாளி கஞ்சியை. "இப்ப சொல்லிப்போட்டன். இவருக்கு ஏதும் நடந்தா நீங்கள் ரெண்டு பேரும்தான் பொறுப்பு" என்று முடித்தாள்.

எமிலியானுஸ் அன்றைக்குத் தான் திரும்பி வந்தது தன் கெட்டித்தனம் என்றுதான் இவ்வளவு காலமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். "நேர்த்தி வைக்கேக்க என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான்.

"கேக்கிறதுக்கு நீங்கள் அங்க இருந்தியளோ?"

நவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்த்திக்கு என்னட்டச் சூரணம் இல்லை. உங்கட கோயில்லதான் கேக்கோணும்."

கோயிலில் பங்குக் குருவான வின்சன்ட் சுவாமி உடனேயே வழி சொன்னார். சுகமில்லாதவர்களின் நேர்த்தியை மாற்றிக்கொடுக்கலாம், தினமும் ஒரு செபமாலை சொன்னால் போதும் என்றார். பெற்றிசியா சம்மதிக்கவில்லை. "மாதா தன்ர பக்கத்தைக் குறைக்கேல்லை சுவாமி. ஆளை முழுசாத்தான் தந்தவ. நான் எப்பிடிக் குறைக்கிறது?"

வேறு வழியை எமிலியானுஸ்தான் கண்டுபிடித்தான். கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி வள்ளத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினான். விடியமுன் போகும்போதே சில்வர் வாளியில் சோறு கட்டிக்கொண்டு போவான். பன்னிரண்டேகாலுக்கு அழைப்பு வரும். "நான் சாப்பிட்டன். நீ சாப்பிடு." அவ்வளவுதான் பேச்சு. அவள் உடனே கோப்பையைக் கழுவிச் சோறு போடுவாள். இரண்டு மாதத்தில் ஏப்பம் நின்றுவிட்டது. மாக்கிறட்டுக்குத்தான் பொழுது போகவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. விடியப்புறம் காற்று மாறுகிறதென்று அவசரமாகப் போனார்கள். பன்னிரண்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் கொலின்ஸ் கத்துவது கேட்டது. "அத்தான், ரெண்டு கையாலயும் பிடியுங்கோ! வலை போகப்போகுது! பிறகு கதைக்கலாம்!"

"இஞ்சேர்" என்றான் எமிலியானுஸ், மூச்சு வாங்க. "நான் சாப்பிட்டன்."

"உண்மையாவோ?"

"ஓம் எண்டுறன். வடிவாச் சாப்பிட்டன். சொதி இண்டைக்கு நல்லா இருந்தது. நீ சாப்பிடு, நேரம் போகுது."

பெற்றிசியா தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவசரத்தில் அவன் விட்டுவிட்டுப் போன சில்வர் வாளி அடுப்படிப் பலகைத் தட்டில் மூடியபடி இருந்தது. எழுந்து திறந்து பார்த்தாள். சோறும் சொதியும் அவள் விடியமுன் போட்டபடியே இருந்தன.

வாளியை மூடி வைத்தாள். கோப்பையில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு சுவரில் இருந்த மாதா படத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அவர் சாப்பிட்டிட்டாராம்" என்று மாதாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.