நாற்பதாவது படியில் ஒரு கதிரை

இராஜகுமாரி முப்பத்தொரு வருடம் கண்டி மாநகர சபையின் தண்ணீர்ப் பிரிவில் லிகிதராக இருந்தவள். குழாய் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் பெரிய புத்தகத்தைத் திறந்து, எந்தத் தெரு, எத்தனை நாளாக என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. முறைப்பாடு கொடுக்காத வீட்டுக்குக் குழாய்க்காரர் போகமாட்டார். அயலவருக்காக யாராவது வந்து நின்றால், "அவங்களுக்கு வாய் இல்லையா? வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு எழுபத்து மூன்றாவது வயதில் இதயத்துக்குள்ளேயே ஒழுக்கு வந்தபோது, அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

காரணம் வீடு. கட்டுக்கலைக்கு மேலே, வீதியிலிருந்து எழுபத்திரண்டு படி ஏறினால் வரும் இரண்டு அறை வீடு. கணவர் போன பிறகும் அதில் தனியாகவே இருந்தாள். மகன் ஸ்ரீதரன் வெள்ளவத்தையில், லிஃப்ட் உள்ள மாடிவீட்டில் குடும்பத்தோடு இருந்தான். "படி ஏற முடியலன்னு தெரிஞ்ச அன்னிக்கே வீட்டப் பூட்டிட்டு உங்களக் கூட்டிட்டுப் போயிருவேன்மா" என்று சொல்லி வைத்திருந்தான். அன்பாகத்தான் சொன்னான். சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று மருமகளிடம் கேட்டுக் கேட்டு மிச்ச நாளைக் கழிக்க அவளுக்கு மனமில்லை.

ஆகவே அவள் வாயாடி ஆனாள். நாற்பதாவது படியில் கைரியாவின் வீடு. கீழே கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் கைரியாவிடம் முன்பெல்லாம் தலையசைப்போடு சரி. கடந்த மூன்று வருடமாக, ஏறும்போதெல்லாம் அந்த வாசலில் நின்றாள். நின்றதும் ஒரு கேள்வி கேட்பாள். நீளமான பதில் வரக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கேட்பாள். கைரியாவின் மகள் பஸ்னாவைப் பிலிமத்தலாவையில் கட்டிக் கொடுத்திருந்தது. பஸ்னாவின் மாமியாரைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. அதற்குள் மூச்சு இறங்கிவிடும். பென்ஷன் எடுத்த பிறகு அந்த அம்மாவுக்கு ஊர்க்கதை பிடித்துவிட்டது என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். கைரியா அவள் உட்கார வாசலில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள்.

கால் வீங்கிய பிறகுதான் இராஜகுமாரி கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் கிருஷாந்தன் ஸ்கேனைக் காட்டி விளக்கினார். இதயத்தின் இடப்பக்க வால்வில் இரண்டு இதழ்கள். அவை சரியாகச் சேராததால் துடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் இரத்தம் நுரையீரல் பக்கமாகத் திரும்பிப் போகிறது. சிறுநீரகம் பலவீனமாக இருந்ததால் நெஞ்சைத் திறக்கச் சத்திரசிகிச்சைக்காரர்கள் சம்மதிக்கவில்லை. வேறு வழி இருந்தது. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, இரண்டு இதழையும் நடுவில் ஒரு கிளிப்பால் பிடித்துவிடுவது. அதைக் கொழும்பில்தான் செய்தார்கள், அதுவும் வருடத்துக்குச் சிலருக்கே. மருந்துக்கும் அடங்காமல் அவதிப்படுகிறவர்கள்தான் முதலில்.

மருந்து கொடுத்து, ஒரு மாதத்தில் துணைக்கு ஆளோடு வரச் சொன்னார்கள். கைரியா கூட வந்தாள். இராஜகுமாரி அதற்கு முன் இரண்டு நாள் படி இறங்காமல் ஓய்வெடுத்து, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

"நடக்கேக்க மூச்சு வாங்குதோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லைங்க டொக்டர். தினம் எழுபத்திரண்டு படி ஏறுறேன்."

"அப்ப அவசரமில்லை. ஆறு மாசத்தால பாப்பம்" என்று டொக்டர் பேனையை எடுத்தார்.

"டொக்டர்," என்றாள் கைரியா. "அக்கா ஏறுற மெய்தான். ஆனா என்ட வாசல்ல இருபது நிமிஷம் இரிந்துட்டுத்தான் ஏறுற. முந்தி பத்து நிமிஷம் போதும். ஊட்டுல ஈக்கிற ஒரு ஆள், வெயிலுக்கு மூணு தலகாணி காயப் போடுற. மட்டமாப் படுக்க ஏலா போல."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு இராஜகுமாரியைப் பார்த்தார். "எத்தினை நாளா?"

அவள் முப்பத்தொரு வருடம் கேட்ட அதே கேள்வி. "மூணு வருஷம்," என்றாள் கைரியா. டொக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் இராஜகுமாரிக்கு, கைரியா தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று கோபம் கொதித்தது. அடுத்த நாளிலிருந்து கதிரையைப் பாராமல் கடந்துபோனாள். ஐம்பத்தைந்தாவது படியில், வளைவுக்கு அப்பால், கைரியாவுக்குத் தெரியாத இடத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே இரும்புக் கேற் திறக்கும் சத்தம் கேட்கும்வரை கைரியா அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. கைரியா ஏறிப் போய்ப் பார்த்தபோது இராஜகுமாரி மதிலோடு சரிந்து கிடந்தாள்.

நுரையீரலில் நீர் என்றார்கள். ஸ்ரீதரன் ஓடி வந்தான். வீட்டைப் பூட்டுவது என்று அந்த வாரமே முடிவாகியிருக்கும். ஆனால் கைரியா டொக்டரிடம் சொன்ன அன்றே இராஜகுமாரியின் பெயர் கொழும்புப் பட்டியலில் ஏறியிருந்தது. மூன்றாவது கிழமை கிளிப் போட்டார்கள். அவள் தூங்கி எழுந்தபோது தொடையில் ஒரு சின்னக் கட்டு, ஸ்கேன் குழாய் போய்வந்த தொண்டையில் கொஞ்சம் வலி. ஒழுக்கு முழுதாக நிற்கவில்லை, வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார்கள். தண்ணீர்ப் பிரிவில் இருந்தவளுக்கு அது நல்ல வேலையாகவே பட்டது.

இரண்டு மாதம் வெள்ளவத்தையில் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்த அன்று, ஸ்ரீதரன் படிக்கட்டின் அடியில் நின்றான். "ஏறுங்கம்மா, பின்னாலயே வர்றேன். நடுவுல நின்னா இன்னிக்கே திரும்பிருவோம்."

நாற்பதாவது படியில் கதிரை போட்டிருந்தது. பக்கத்தில் கைரியா மாக் கையோடு நின்றாள். இராஜகுமாரி அவளைப் பார்த்தாள். நிற்கவில்லை. நிதானமாக ஏறிப்போய் இரும்புக் கேற்றைத் திறந்தாள். பின்னால் வந்த ஸ்ரீதரனுக்குத்தான் மூச்சு வாங்கியது. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. முப்பத்திரண்டு படி இறங்கி வந்து கதிரையில் அமர்ந்தாள்.

"என்ன அக்கா, மூச்சு வாங்குதா?" என்றாள் கைரியா.

"இல்ல கைரியா. சும்மாதான் வந்தேன்."

கைரியா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.